கல்லுக்குள்ள முகம் தெரியுதா? முகத்திரை போட்ட பெண் சிலைகள்: அசல் எது, அச்சு எது?

ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது இந்தச் சிலை உங்க கண்ணிலும் பட்டிருக்கலாம். ஒரு பெண்ணின் முகம், அதன் மேல் சல்லாத்துணி. துணிக்கு உள்ளே மூக்கு, உதடு, மூடிய கண் எல்லாம் அப்படியே தெரியும். ஆனா அங்கே துணியே கிடையாது. மொத்தமும் கல்!

இதே மாதிரி மார்பளவு சிலைகள் ஆன்லைனில் 'ஆன்டிக்' என்ற பெயரில் விற்பனைக்கு வருது. காசு கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

எப்படிச் செதுக்குறாங்க?

பளிங்குக்கு ஊடே எதுவும் தெரியாது. முகமும் திரையும் ஒரே பரப்புதான். நெற்றி, மூக்கு, கன்னம் போன்ற மேடான இடங்களில் துணி ஒட்டிக் கிடப்பது போல வழுவழுப்பா விடுவாங்க. நடுநடுவே மெல்லிய மடிப்புகளைக் கோடு மாதிரி எழுப்புவாங்க. மடிப்பைப் பார்த்ததும் 'மேலே துணி இருக்கு, உள்ளே முகம் இருக்கு' என்று நம்ம கண்ணே முடிவு பண்ணிடும்.

இத்தாலியின் நேப்பிள்ஸில் 1753-ல் ஜியுசெப்பே சான்மார்ட்டினோ செதுக்கிய திரை மூடிய கிறிஸ்து சிலையைப் பார்த்தவர்கள், நிஜத் துணியை ரசவாதத்தால் கல்லாக்கிட்டாங்க என்றே கதை கட்டினாங்க. உண்மையில் அது ஒரே பளிங்குக் கல்.

பெண் சிலைகள் எப்போ பிரபலமாச்சு?

19-ம் நூற்றாண்டில். மிலனில் பிறந்த ரஃபேல் மோன்ட்டி 1847-ல் செய்த முகத்திரைப் பெண் சிலை இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருக்கு. 2005-ல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' படத்தில் வருவது இதுதான். ஜியோவான்னி ஸ்ட்ராஸா செதுக்கிய கன்னி மரியாள் மார்பளவு சிலை, 1856 டிசம்பரில் இப்போதைய கனடாவில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்கு வந்து சேர்ந்தது. இன்றும் அங்கே ஒரு கன்னியர் மடத்தில் இருக்கு.

நேரில் பார்க்கணுமா? ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகம் போங்க. அங்கே இருக்கும் பென்சோனியின் 'முகத்திரை ரெபெக்கா', முதலாம் சாலார் ஜங் 1876-ல் இத்தாலியில் வாங்கியது. இது முழு உருவச் சிலை.

அச்சில் வார்த்தது எல்லாம் போலியா?

இல்லை. இங்கதான் பலர் குழம்புறாங்க. 1840-களில் இங்கிலாந்தில் 'பேரியன்' என்ற பளிங்கு போன்ற பீங்கான் வந்தது. கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, சூளையில் சுட்டு எடுப்பாங்க. மோன்ட்டியின் 'மணப்பெண்' சிலையை 1861-ல் கோப்லேண்ட் நிறுவனம் இப்படித்தான் வெளியிட்டது. அச்சில் வந்தாலும் அதுவும் இன்று பழம்பொருள்தான், சேகரிப்பாளர்கள் தேடி வாங்குறாங்க.

பிரச்னை எங்கே? ரெசினில் பளிங்குத் தூளைக் கலந்து இப்போ வார்க்கும் சிலையை 'நூறு வருஷப் பழசு' என்று விற்கும்போதுதான்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* தொட்டுப் பாருங்க. பளிங்கு சில்லென்று இருக்கும். ரெசின் அவ்வளவு குளிர்ச்சியா இருக்காது, கை வைத்ததும் சூடேறிடும்.
* தூக்கிப் பாருங்க. பளிங்கு நல்ல கனம். பேரியன் உள்ளே கூடா இருக்கும்.
* திருப்பிப் பாருங்க. பேரியன் சிலைகளின் பின்புறமோ அடியிலோ தயாரிப்பாளர் முத்திரை இருக்கலாம். ரெசினில் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழித் தடம் தெரியலாம்.
* நகத்தால் கீறினாலே தடம் விழுதா? பளிங்கு அவ்வளவு மென்மை கிடையாது. அது அலபாஸ்டரா இருக்கலாம். கடைக்காரரிடம் கேட்காமல் கீறிடாதீங்க!
* அழுக்கை மட்டும் நம்பாதீங்க. 'பழைய' நிறத்தைச் சாயம் பூசியும் வரவைக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத சிற்பம் 'பழம்பொருள்'. அதை வியாபாரமா விற்க உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதனால் 'ஆன்டிக்' என்று சொல்பவரிடம் முதலில் உரிமம் இருக்கா என்று கேளுங்க. அடுத்து, எந்தப் பொருளால் செய்தது, எந்தக் காலம் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தரத் தயங்கினால், அதை அலங்காரப் பொருளா நினைத்து அதற்கான விலையை மட்டும் கொடுங்க.