ஹார்டு டிஸ்க் போச்சு... பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடணுமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. தூத்துக்குடி நகரின் தாழ்வான பகுதிகளில் பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜோடு சேர்ந்து வீட்டுக் கம்ப்யூட்டர்களும் மூழ்கின. சிபியு பெட்டிக்குப் பெரும்பாலான வீடுகளில் தரைதானே இடம்!

வெள்ளம் வராத ஆண்டுகளிலும் இந்தக் கடற்கரை மின்னணுப் பொருட்களுக்கு நல்ல இடம் இல்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரேம், கேபிள் முனைகளில் மெல்ல அரிப்பு பிடிக்கும். எனவே டிஸ்க் தெரியவில்லை என்று திரையில் வந்ததுமே பயப்பட வேண்டாம். சாட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. பல நேரங்களில் பழி டிஸ்க் மீது, குற்றம் கேபிள் மீது!

முதலில் தரவு, பிறகுதான் மெஷின்

"அண்ணாச்சி, சிஸ்டம் போனா போகட்டும், உள்ள இருக்க போட்டோவ மட்டும் எடுத்துக் குடுங்க." சர்வீஸ் கடைகளுக்குப் பழகிப்போன வசனம் இது. ஆனால் கடைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் பாதிச் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

காரணத்தைப் புரிந்துகொள்ள டிஸ்க்கின் உள்ளே பார்க்க வேண்டும். அங்கே வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. தகடுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில், தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியது. 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஆன் செய்தால் தகடு கீறப்படலாம். கீறிய இடத்தில் இருந்த படம் யாரிடம் போனாலும் திரும்பி வராது.

சத்தம் இல்லை, ஆனால் ஃபைல் திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது என்றால் இன்னும் அவகாசம் இருக்கிறது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் பார்த்தால், படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை தெரியும். அது ஏறிக்கொண்டே போனால் உடனே காப்பி எடுத்துவிட வேண்டும். இந்த நேரத்தில் விண்டோஸின் 'செக் டிஸ்க்' ஓட்டுவது தப்பு. தள்ளாடும் டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். விவரம் தெரிந்தவர்கள் லினக்ஸில் டிடி ரெஸ்க்யூ பயன்படுத்துவார்கள். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் அது தொடும்.

வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால் கதையே வேறு. சாதாரண ஹார்டு டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதன் வழியே சேற்றுநீர் உள்ளே போயிருக்கும். வெயிலில் காயவைப்பது, அரிசி டப்பாவில் புதைப்பது எல்லாம் வேண்டாம். காய்ந்தால் சேறும் உப்பும் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆன் செய்யாமல், ஈரத்தோடு காற்றுப் புகாத கவரில் வைத்து, தூசியில்லா அறை வசதியுள்ள மீட்பு நிறுவனத்திடம் கொடுப்பதே வழி. செலவு புது கம்ப்யூட்டரின் விலையைத் தாண்டலாம். அந்தப் படங்களுக்கு அவ்வளவு கொடுக்கலாமா என்பதை வீடுதான் முடிவு செய்ய வேண்டும்.

நம்பிக்கைக்கு ஓர் உதாரணம். 2003-ல் வானில் சிதறிய கொலம்பியா விண்வெளி ஓடத்தின் சிதைவுகளில் கருகிப்போன ஒரு 400 எம்பி டிஸ்க் கிடைத்தது. ஆன்ட்ராக் நிறுவனம் அதிலிருந்து சுமார் 99 சதவீதத் தரவை மீட்டது. தரவு இருந்த இடத்தில் தகடு கீறாமல் இருந்ததே காரணம்.

எதை மாற்றினால் வேகம் வரும்?

தரவு கைக்கு வந்த பிறகு, போன டிஸ்க்குக்குப் பதிலாக இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்குவதில் அர்த்தமில்லை. எஸ்எஸ்டிதான் சரி. பழைய மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இருக்காது. ஆனால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஹார்டு டிஸ்க்கில் முனை நகர்ந்து போய் ஃபைலைத் தேட சுமார் 10 மில்லிவிநாடி ஆகும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதனால் அந்தக் காத்திருப்பும் இல்லை. பத்து வருட மெஷின் திடீரென்று இளமையானது போலத் தோன்றுவதன் ரகசியம் இதுதான். ஒரு குறை உண்டு. எஸ்எஸ்டி சாகும்போது 'டிக் டிக்' எச்சரிக்கையெல்லாம் கொடுக்காது.

அடுத்து ரேம். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ஏறாது, பார்த்து வாங்க வேண்டும். புதுசாக உப்புக்காற்றில் வாடிய பவர் சப்ளையையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

பெரிய கேள்வி விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற டிபிஎம் 2.0 வேண்டும். இன்டெல் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதற்கு முந்தையது என்றால் பிரவுசர், யூடியூப், பிள்ளைகளின் பாடம் போன்ற வேலைகளுக்கு லினக்ஸ் மின்ட் தாராளம், தமிழிலும் டைப் செய்யலாம். கடைக் கணக்கு டேலியில் ஓடுகிறது என்றால் அந்த யோசனை செல்லாது, மெஷினையே மாற்ற வேண்டியிருக்கும். அந்த நிலையில் பழைய பெட்டிக்குள் ரேம், போர்டு என்று பணத்தைக் கொட்டுவது வீண். அங்கேயும் புதிதாக வாங்கிய எஸ்எஸ்டி வீணாகாது, கழற்றி அடுத்த மெஷினில் போட்டுக்கொள்ளலாம்.

மீட்ட படங்களை எங்கே வைப்பது? எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்து அதே மேசை டிராயரில் வைப்பவர்கள் நிறைய. 2023-ல் கம்ப்யூட்டரை எட்டிய தண்ணீர் டிராயரையும் எட்டியது. ஒரு காப்பி கிளவுடில் இருக்கட்டும். இன்னொன்று பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கும் அக்கா வீட்டு அலமாரிக்குப் போகட்டும். சிபியுவை இன்றைக்கே தரையிலிருந்து மேசை மேலே ஏற்றிவிடலாம், அதற்குச் செலவே இல்லை.