மங்கும் மருந்தும்

தேயிலை மலைகளிலிருந்தும் வாளையாற்று எல்லையிலிருந்தும் இங்கு வந்து பயிலும் நமக்கு 'மங்கு' புதிய சொல் அன்று. கன்னத்திலும் நெற்றியிலும் படரும் பழுப்புத் திட்டு அது. மூணாற்றுப் பக்கம் கொழுந்து பறிக்கும் என் அன்னைக்கும் அவருடைய தோழியர் பலருக்கும் அது உண்டு. அதற்குப் பூசும் களிம்பு என்ன செய்கிறது? உயிர் வேதியியல் மாணவன் என்ற முறையில் சிறிது விளக்குகிறேன்.

மேல்தோலின் அடியில் மெலனோசைட் என்னும் உயிரணுக்கள் உள்ளன. அவை டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மெலனின் என்ற கருநிறமியாக மாற்றுகின்றன. மாற்றத்தை நடத்தும் நொதி டைரோசினேஸ். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் இவ்வேலை விரையும். ஆயிரம் மீட்டர் உயர ஏற அக்கதிர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மிகும். கருமை குறையன்று, நண்பர்களே! கதிரினின்று உயிரணுவைக் காக்கும் குடை அது. அக்குடை சில இடங்களில் மட்டும் தடித்துப்போவதே மங்கு.

1939-ல் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளரின் கைகள் வெளுத்தன. கையுறையில் சேர்த்திருந்த, ஹைட்ரோகுவினோனுக்கு உறவான ஒரு பொருளே காரணம். ஹைட்ரோகுவினோன் டைரோசினேஸைத் தடுக்கும். 1975-ல் கிளிக்மன், வில்லிஸ் இருவரும் அதனுடன் தோலை விரைந்து புதுப்பிக்கும் டிரெட்டினாயினையும் எரிச்சல் தணிக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்தனர். இன்றைய முக்கூட்டுக் களிம்புகள் அதன் வழி வந்தவையே.

பயன்படுத்தும் முறை யாது? டாக்டரின் சீட்டு வேண்டும். இரவில், திட்டின்மேல் மட்டும், மெல்லியதாகப் பூச வேண்டும். கண்ணோரமும் உதடும் ஆகா. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பகலில் வெயில் தடுப்புக் களிம்பும் அகன்ற தொப்பியும் இன்றியமையாதவை. இவையின்றி இரவில் பூசியது பகலில் வீணாகும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். டாக்டர் குறித்த காலத்தோடு நிறுத்திவிட வேண்டும். மாதக்கணக்கில் பூசினால் ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்யும். பருக்களும் முடியும் தோன்றும். ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினால் நீலங்கலந்த கருமையே படியக்கூடும். இதனாலன்றோ 2018-ல் இந்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கத் தடை செய்தது!

இவற்றினும் கொடியது பாதரசம். அதுவும் டைரோசினேஸை முடக்கும். ஆனால் தோல் வழியே உடலுள் புகும். பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல் மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு நெல்-1 என்னும் புரதம் தொடர்பான வகை இருந்தது. அவர்களில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினர். 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் சோதனை நடத்திப் பாதரசக் களிம்புகளைக் கண்டுபிடித்தது. களிம்பு பூசுபவருக்குக் கால் வீங்கினாலும், சிறுநீர் நுரைத்தாலும் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

மங்கு நோய், அதற்கு மருந்து உண்டு. மாநிறம் நோயன்று, அதற்கு மருந்து தேவையில்லை. "பெண் சிவப்பா?" என்று கேட்கும் வாய்களே இந்த வியாபாரத்தை வளர்க்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வீட்டு அலமாரியிலுள்ள டப்பாவை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் முகவரியும், உரிம எண்ணும், சேர்மானப் பட்டியலும் இல்லையேல், "இதைப் பூச வேண்டாம்" என்று வீட்டாரிடம் துணிந்து சொல்லுங்கள். படித்தவர் செய்ய வேண்டிய முதற்பணி அதுவே.