மருந்து என்றால் எந்த மருந்து?

“மருந்துக் கிடங்கில் தீ” என்று செய்தி வந்தால் மதுரைக்காரர் மாத்திரையை நினைப்பார்; சிவகாசிக்காரர் முதலில் விசாரிப்பது எந்த ஆலை என்றுதான்.

விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் மருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி கலந்த கலவை. வாணவெடிக்குள் வண்ணம் காட்டும் சிறு உருண்டைகள் மணிமருந்து. பச்சை ஒளிக்கு அதில் பேரியம் உப்பு சேர்த்துவந்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது அந்த உப்பைத்தான். மருந்து அறைக்குள் நுழையுமுன் தொழிலாளர்கள் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் பொறியாகிவிடக் கூடாதல்லவா! விபத்துச் செய்திகளில் “மருந்து செலுத்தும்போது உராய்வு” என்ற வரியும் திரும்பத் திரும்ப வரும். வெளியூர் வாசகருக்காக அங்கே ‘வெடிமருந்து’ என்றே எழுதிவிடலாம், குழப்பம் இருக்காது.

அதே நாளிதழில் வேளாண் பக்கத்தைப் புரட்டினால், பருத்திக்கு மருந்து அடிக்கும் யோசனை. அது பூச்சிமருந்து. சுகாதாரச் செய்தியில் வந்தால் அரசு மருத்துவமனை மாத்திரை. வானிலைச் செய்தியிலோ அது கலவையும் இல்லை, மாத்திரையும் இல்லை: “அருப்புக்கோட்டையில் மருந்துக்குக்கூட மழை இல்லை.”