பட்டுக்கு முன்னால் ஒரு கேமரா

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், சம்பந்தரின் பாடல் பெற்ற திருமாகறலீசுவரர் கோயிலால் அறியப்படும் ஊர். இங்கே ஒளிப்படம் பழகத் தொடங்கும் ஒருவருக்குப் படமெடுக்கும் பொருளுக்குக் குறைவில்லை. யானையின் முதுகைப் போல வளைந்த தூங்கானை மாட விமானம் ஒருபுறம் இருக்க, ஒற்றைச் சன்னல் வெளிச்சத்தில் குழித்தறியில் கால் இறக்கி அமர்ந்து நெய்பவரின் கைகளும், நெய்து முடிந்து மடிப்புக் கலையாமல் வாடிக்கையாளருக்குப் படமாக அனுப்பப்படக் காத்திருக்கும் சேலையும் காஞ்சி வட்டாரமெங்கும் உள்ளவை. இடர்ப்பாடு கடை வாசலில்தான் தொடங்குகிறது. கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபிலிம் என்னும் நான்கு பெயர்களில் எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்தப் பெயரை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரோ அந்தப் பெயரையே ஒவ்வொருவரும் விடையாகச் சொல்வதால், புதியவர் கேட்கக் கேட்கக் குழம்புகிறார்.

இந்தப் போட்டியின் வரலாறே அதன் கடுமையைப் பெருமளவு தணித்துவிடும். 1933இல் டோக்கியோவில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகப் பிறந்த கேனான், 1934இல் உருவாக்கிய முதல் மாதிரிக் கேமராவுக்குக் 'குவானான்' என்று பெயரிட்டது. கருணையின் வடிவாக ஜப்பானியர் வழிபடும் அவலோகிதேசுவரரின் பெயர் அது. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று சொல்லும் வீரசோழியத்தையும், பௌத்தம் தழைத்திருந்த பழைய காஞ்சியையும் நினைவில் வைத்திருப்பவருக்கு அப்பெயர் அத்தனை அயலாக ஒலிக்காது. அந்த நிறுவனம் 1936இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹான்ஸா கேனானில் பொருத்தப்பட்டிருந்த லென்ஸைச் செய்து தந்தது, 1917இல் நிறுவப்பட்டுப் பின்னாளில் நிக்கான் என்று பெயர் மாறிய நிப்பான் கோகாகு. அதாவது, இன்று எதிரெதிரே நிறுத்தப்படும் இரண்டு பெயர்களும் ஒரே கேமராவில் கூடியிருந்த காலம் ஒன்று உண்டு. சோனியோ, 2006இல் கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை வாங்கிக்கொண்டு, லென்ஸ் மாற்றும் கேமராக்களின் துறைக்குள் வந்தது. இன்று அதன் சென்சார்கள், அதாவது ஒளியை மின்குறியாக மாற்றும் சில்லுகள், போட்டியாளரான நிக்கானின் கேமராக்கள் பலவற்றுக்குள்ளும் இருக்கின்றன. ஒரே விலைத்தட்டில் உள்ள இரண்டு கேமராக்கள் தரும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, பெயரை மறைத்துக் காட்டினால், எது எவருடையது என்று பிரித்துச் சொல்வது தேர்ந்தவருக்கும் எளிதன்று.

அப்படியானால் பெயர் பொருட்டே இல்லையா என்றால், ஓரிடத்தில் மிகவும் பொருட்டானது. அந்த இடத்துக்கு மவுண்ட் என்று பெயர். லென்ஸைக் கேமராவில் சொருகித் திருகும் உலோக வளையமும், அதன் உட்புற மின்தொடர்புகளும் சேர்ந்ததே மவுண்ட். வளையத்தின் விட்டமும், அதிலிருந்து சென்சார் வரையுள்ள தொலைவும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், ஒருவரின் லென்ஸ் இன்னொருவரின் கேமராவில் நேரடியாகப் பொருந்துவதில்லை. கேமராவின் உடல் பழைய மாதிரியாகிவிடும் வேகம் கைப்பேசியின் வேகத்தை நெருங்கிக்கொண்டிருக்க, பேணிக் காக்கப்பட்ட லென்ஸ் இருபது ஆண்டு கடந்தும் உழைக்கிறது. தறியில் பாவு ஏற்றியபின் ஊடை நூலை மாற்றிக்கொண்டே போகலாம், பாவை மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒளிப்படக்காரருக்கு மவுண்ட் அந்தப் பாவு.

இந்தப் பாவை நிறுவனங்களே அறுத்துவிட்ட தருணங்களும் உண்டு. 1987இல் கேனான் தன் பழைய எஃப்டி மவுண்டைக் கைவிட்டு இஎஃப் என்ற புதியதுக்கு மாறியபோது, பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் மனம் கசந்தார்கள். 1959இல் தோன்றிய எஃப் மவுண்டை நிக்கான் விடாமல் வைத்திருந்தது. பின்னர் இருவருமே 2018இல், கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களுக்காகப் புதிய மவுண்டுகளுக்கு மாறினர். பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிட ஒரு கண்ணாடி உள்ளே சாய்ந்து நின்றது. மிரர்லெஸ்ஸில் அக்கண்ணாடியை நீக்கிவிட்டுச் சென்சார் காணும் காட்சியையே சிறு திரையில் காட்டுகிறார்கள். கண்ணாடிக்கு விட்ட இடம் மிச்சமானதால் லென்ஸ் சென்சாரை நெருங்கி வர முடிந்தது: கேனானில் 44 மி.மீ. ஆக இருந்த அத்தொலைவு 20 ஆகவும், நிக்கானில் 46.5 ஆக இருந்தது 16 ஆகவும் குறைந்தன. இக்குறைவினால் ஒரு நன்மை விளைந்தது. இடைவெளியை நிரப்பும் அடாப்டர் என்ற வளையத்தை இட்டுப் பழைய லென்ஸைப் புதிய உடலில் பொருத்தலாம். புதியதைப் பழையதில் பொருத்த வழியில்லை.

செகண்ட் ஹேண்ட் கேமரா தேடுவோருக்கு இந்த விவரங்கள் பணமாகவே கணக்காகும். கேனானின் எம்50 போன்ற இஎஃப்-எம் வகைக் கேமராக்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் 2012இல் தொடங்கிய அந்த மவுண்டைக் கேனானே நிறுத்திவிட்டது, அதற்கென வாங்கும் லென்ஸைப் புதிய ஆர்எஃப் கேமராவுக்கு எந்த அடாப்டரைக் கொண்டும் கொண்டுபோக இயலாது. நிக்கானில் வேறொரு பொறி. டி3500 போன்ற தொடக்கநிலை உடல்களில் லென்ஸைச் சுழற்றித் தானாகக் குவியப்படுத்தும் மோட்டார் கிடையாது. ஆகவே, மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை விலை குறைவு என்று வாங்குபவர், ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். லென்ஸின்மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அரை நிமிட வேலை.

பிற நிறுவனங்கள் செய்யும் லென்ஸ்களையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும், ஏனெனில் சிக்மா, டாம்ரான் போன்றோரின் லென்ஸ்கள் பெரும்பாலும் விலை குறைந்தவை. தன் இ-மவுண்டின் அடிப்படை விவரங்களை 2011இலேயே சோனி பிறருக்குத் திறந்துவிட்டதால், அதற்கான லென்ஸ் வகைகள் பெருகியிருக்கின்றன. கேனான் நெடுநாள் கதவைச் சாத்தி வைத்திருந்து, சிறிய சென்சாருக்கான சிக்மா, டாம்ரான் லென்ஸ்களுக்கு 2024இல்தான் வழிவிட்டது. இவற்றைவிட முக்கியமானது, விளம்பரங்கள் ஒருபோதும் சொல்லாத ஒன்று: பக்கத்தில் இருப்பவர் எதை வைத்திருக்கிறார்? காஞ்சிபுரத்தில் திருமணப் படம் எடுக்கும் அறிமுகமான ஒருவரோ கல்லூரித் தோழரோ கேனான் வைத்திருந்தால், புதியவர் ஒரு முகூர்த்த நாளுக்கு அவரிடம் லென்ஸ் இரவல் கேட்கலாம், பழுது பார்ப்பவரின் முகவரி அறியலாம், கேட்டுப் பழகலாம். ஆய்வுக்கூடச் சோதனையில் அரை மதிப்பெண் கூடுதலாகப் பெற்ற கேமராவைவிட இந்த வாய்ப்பு பெரியது.

சென்சாரின் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பழைய பிலிம் சுருளின் சட்ட அளவான 36க்கு 24 மி.மீ. கொண்டதை ஃபுல் ஃப்ரேம் என்பர். தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது, அதன் பரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவான ஏபிஎஸ்-சி. பெரிய சென்சார் மங்கல் ஒளியில் தெளிவு கூட்டும், உடன் எடையையும் விலையையும் கூட்டும். பழகுபவருக்கு ஏபிஎஸ்-சி தாராளம்.

தறி வீட்டின் மங்கலை வெல்ல அதைவிட மலிவான வழி இருக்கிறது. கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸை, அதன் தொலைவுக் காட்சி முனைக்குத் திருப்பினால், துளை பெரும்பாலும் எஃப் 5.6 அளவுக்குத்தான் திறக்கும். எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் துளை பெரிதாகிறது என்பது இதன் தலைகீழ்க் கணக்கு. எஃப் 1.8 வரை திறக்கும் 50 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. கிட் லென்ஸில் நொடியில் முப்பதில் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டிய ஷட்டர், இந்த லென்ஸில் முந்நூறில் ஒரு பங்கோடு மூடிக்கொள்ளலாம்; நாடா எறியும் கை முதலாவதில் புகைபோலக் கலைந்தும், இரண்டாவதில் விரல் விரலாக உறைந்தும் பதிவாகும். கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் வசதி இங்கே உதவாது, ஏனெனில் அது படமெடுப்பவரின் அசைவைத் தணிக்குமே தவிர நெசவாளரின் அசைவை நிறுத்தாது. ஆதலால் நிறுவனங்களை ஒப்பிடும்போது, உடலின் விலையோடு இத்தகைய ஒரு லென்ஸின் விலையையும் கூட்டிப் பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு. கேனானின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8, நிக்கானின் இசட் 40 மி.மீ. எஃப் 2 ஆகியவை விலை அடங்கியவை. நிக்கானிலேயே இசட் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ் அவற்றைவிட வெகு விலை உயர்ந்தது.

இனிப் பட்டு. காஞ்சிப் பட்டைப் போல ஒரு கேமராவைச் சோதிக்கும் பொருள் அரிது. மயில் கழுத்து நிறச் சேலையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். பார்க்கும் கோணம் மாறினால் பச்சை நீலமாகிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் எம்.எஸ். ப்ளூ என்று வழங்கும் நீலத்தைப் படத்தில் சற்றே ஊதாவாகக் காட்டிவிட்டால், படத்தை நம்பிச் சேலை வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார். கேனான் முகநிறத்தை இதமாகக் காட்டும், ஃபியூஜிஃபிலிம் பிலிம் காலத்துச் சாயலைத் தரும் என்றெல்லாம் பேசப்படுவதில் உண்மை உண்டு. எனினும் அந்த வேறுபாடு பெரும்பாலும் கேமரா தானே சமைத்துத் தரும் ஜேபெக் கோப்பில் இருப்பது. சமைக்காத பச்சைத் தரவான ரா கோப்பாகப் படத்தைச் சேமித்தால், நிறத்தைப் பின்னர் கணினியில் திருத்திக்கொள்ளலாம். சன்னல் ஒளியின் நீலமும் குண்டு பல்பின் மஞ்சளும் ஒரே சேலையில் விழும்போது, எந்த நிறுவனத்தின் தானியங்கி ஒயிட் பேலன்ஸும், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்ட முயலும் கணக்கும், தடுமாறத்தான் செய்யும். பல்பை அணைத்துவிடுவது எந்தக் கேமராவுக்கும் பொதுவான மருந்து.

இன்னொரு சிக்கலுக்குப் பட்டே பெயர் தந்திருக்கிறது. நெருக்கமான நெசவின் கோடுகளும், சென்சாரில் வரிசையாக அடுக்கப்பட்ட புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது, சேலையில் இல்லாத அலைகளும் வானவில் கறைகளும் படத்தில் தோன்றும். முவாரே என்று இதற்குப் பெயர். அலையலையாகப் பளபளக்கும்படி அழுத்திச் செய்த பட்டுத் துணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் அது. இதைத் தடுக்கச் சென்சாரின்மேல் படத்தை மிக நுண்ணிய அளவில் மங்கலாக்கும் வடிகட்டி ஒன்றை வைப்பது வழக்கம். கூர்மையை விரும்பி நிக்கான் டி3300 முதலிய சில கேமராக்களில் அதை நீக்கிவிட்டார்கள். ஃபியூஜிஃபிலிம் தன் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் நிறப்புள்ளிகளின் வரிசையையே கலைத்து அடுக்கி, வடிகட்டியின்றியே முவாரேயைக் குறைக்க முயன்றது. பறவை படமெடுப்பவருக்கு வடிகட்டி இல்லாதது வரம், சேலை படமெடுப்பவருக்கு அதுவே சில வேளை தொல்லை. தொல்லை நேர்ந்தால், ஓரடி முன்னே நகர்ந்தோ கேமராவைச் சற்றுச் சாய்த்தோ எடுக்கும்போது அலைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கோயிலைப் பொறுத்தவரை, கேமராவின் திறனைவிட அனுமதியே எல்லையை வகுக்கிறது. கருவறையைப் படமெடுப்பது எங்கும் வழக்கமில்லை. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள காஞ்சி கைலாசநாதர் கோயிலில் கையில் பிடித்துப் படமெடுக்கலாம், முக்காலி நிறுத்தத் தனி அனுமதி வேண்டும். ஆக, கோயிலுக்கென்று பெரும் பணம் செலவிட வேண்டியதில்லை. வெளியிலிருந்து விமானத்தை முழுமையாக அடக்கக் கிட் லென்ஸின் 18 மி.மீ. முனையே போதும்.

எஞ்சியிருப்பது கடை. இந்திய வாரண்டி இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கா என்று முதலில் கேட்டுத் தெளிந்துகொண்டு, ஒரு மயில் கழுத்துச் சேலையையும் சொந்த மெமரி கார்டையும் கையோடு எடுத்துச் செல்பவர், கடைக்காரர் அனுமதித்தால், தமக்குக் கட்டுப்படியாகும் இரண்டு கேமராக்களிலும் அதே சேலையைக் கடை விளக்கின்கீழ் ஒருமுறையும் வாசல் வெயிலில் ஒருமுறையும் எடுத்துவந்து, வீட்டில் சேலையைத் திரைக்கு அருகே விரித்துவைத்து ஒப்பிடலாம். அந்தச் சில நிமிடங்களில் கைப்பிடி விரல்களுக்கு இதமாக இருந்ததா, ஒளித்துளையை மாற்றும் சக்கரம் தேடாமல் அகப்பட்டதா என்பதும் தெரிந்துபோயிருக்கும். நாள்தோறும் தொடப்போகும் பொருள் அது.