சுவர் குடிக்கும் தண்ணீர்

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம், நகரத்தார் ஊர்களில் ஒன்று. இப்பக்கத்துப் பழைய காரை வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு விடுதியாக்கலாமா என்று வருகிறவர்கள், மரத்தூணையும் நிலைக்கதவின் செதுக்கலையும் அண்ணாந்து பார்ப்பார்கள். முதலில் குனிந்து பார்ப்பது நல்லது. சுவரின் அடியில், முழங்கால் உயரத்தில், காரை உப்பிப் பொரிந்திருக்கிறதா? விரலால் தடவினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா? அதற்குமேல் பழுப்பாக ஒரு கறை, சுவர் நெடுகக் கோடு போட்டாற்போல ஓடுகிறதா? அப்படியானால் அந்தச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது.

பள்ளத்தை நாடி ஓடும் தண்ணீர் சுவரில் மேல்நோக்கி ஏறுவது எப்படி? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே விதிதான். செங்கல் பார்வைக்குக் கெட்டி; உள்ளே முழுக்க நுண்ணிய துளைகள். 3 கிலோ எடையுள்ள சாதாரணச் செங்கல்லை ஒருநாள் தண்ணீரில் போட்டு வைத்தால் அரை லிட்டருக்கு மேல்கூடக் குடித்துவிடும். துளையின் சுவர் தண்ணீரைப் பற்றி இழுக்கிறது. முன்னே போன நீர் பின்னே வருவதையும் இழுத்துக்கொண்டு ஏறுகிறது. இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர்.

துளை குறுகக் குறுக, ஏற்றம் கூடும். ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் நீர் 15 சென்டிமீட்டர் ஏறும். 0.01 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர். அதிலும் பத்தில் ஒரு பங்கு என்றால், கணக்குப்படி 15 மீட்டர், அதாவது நாலைந்து மாடி உயரம்! நல்லவேளையாக, போகிற வழியிலேயே நீர் ஆவியாகிவிடுவதால் பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியே ஏற்றம் நின்றுவிடுகிறது. அந்த எல்லைதான் பழுப்புக் கோடு.

நீர் தனியாக ஏறுவதில்லை, மண்ணின் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகிப் போகும். உப்புக்குப் போக்கிடம் இல்லை. துளைக்குள் படிகமாக வளர்ந்து, இடம் போதாமல் நெருக்கும். சோடியம் சல்பேட் என்ற உப்பு ஈரத்தை ஏற்றுப் படிகமாகும்போது மூன்று மடங்குக்கு மேல் பருத்துவிடும். அந்த நெருக்கலுக்குச் செங்கல்லே பொடியாகும். நாம் தடவிப் பார்த்த வெள்ளைப் பொடி இந்த உப்புதான்.

பழைய கொத்தனார்கள் இதற்குக் கண்ட வழி, சுவரை அடைக்காமல் விடுவது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோவுக்கு 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிச்சத்தை நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காய்ச் சாறும் வெல்லநீரும் விட்டுப் பூசினார்கள். பூசிய சுண்ணாம்பு, இழந்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது! மயிரிழை வெடிப்பு விட்டால், மழைநீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுபோய் வெடிப்பில் படிய வைக்கும். காரை தன்னைத் தானே ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பூச்சு ஆவியை வெளியே விடும். ஐப்பசி மழையில் குடித்த நீரைத் தை, மாசி வெயிலில் சுவர் திருப்பிக் கொடுத்துவிடும்.

புதுப்பிக்கிறேன் என்று இதன்மேல் சிமென்ட் பூசுவது பெரிய கேடு. சிமென்ட் பூச்சில் ஆவி எளிதில் வெளியேறாது. அடைபட்ட நீர், வழி தேடி இன்னும் மேலே ஏறும். வெளிப்புறம் காய்ந்தாற்போல் தெரியும். உள்ளே செங்கல் கரையும். ஆயில் பெயின்ட்டும் இதையே செய்யும். தெருவில் தார்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, வீட்டின் உயரமான அடிமட்டம் மண்ணுக்குள் போயிருந்தால் ஓதம் இன்னும் எளிதாக ஏறும். அங்கே முதல் செலவு பெயின்ட்டுக்கு அல்ல. சுவரை ஒட்டிய மண்ணை வெட்டி எடுத்து மழைநீருக்கு வடிகால் அமைப்பதற்கு.

எனவே, பழைய வீடு பார்க்கக் கோடையில் மட்டும் போகாதீர்கள். கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். இடுப்பளவுக்கு மட்டும் புதுப்பூச்சு தெரிந்தால் காரணம் கேளுங்கள். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் பூச்சு சுவரை விட்டு விலகிவிட்டது. அட்வான்ஸ் கொடுக்குமுன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.