ரூட்டர் அணைந்தது, பேங்க் நிறைந்திருக்கிறது

போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறை போகும் வழியில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆனி, ஆடிக் காற்றில் கிளை ஒடிந்து கம்பிமேல் விழுந்தால் கரண்ட் திரும்ப இரண்டு மூன்று நாள்கூட ஆகிவிடுகிறதாம். தோட்டத்து வீட்டில் சிம் போட்ட கையடக்க வைஃபை ரூட்டர் ஒன்று இருக்கிறது. மகளின் படிப்பு, போடியிலும் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் அன்றைக்குக் காய் என்ன விலைக்குப் போனது என்ற சேதி, எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. அதற்கென்றே 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினார். ராத்திரி மாட்டிவிட்டுப் படுத்தால், விடியும்போது ரூட்டர் அணைந்து கிடக்கிறது. பேங்கின் பட்டனை அமுக்கினால் நான்கு விளக்கும் எரிகின்றன. “போலியை வாங்கிவிட்டேனா?” என்று கேட்கிறார்.

போலியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் எந்தப் பவர் பேங்கையும் நம்பக் கூடாது.

முதலில் அந்தப் பெரிய எண். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கணக்கு. செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட், ரூட்டர் கேட்பதோ 5 வோல்ட். உயர்த்திக் கொடுக்கும் சுற்றில் கொஞ்சம் வெப்பமாகப் போகும். ஆக 10,000 எம்.ஏ.எச். என்றால் 37 வாட்-மணி. கழிவு போக 31 வாட்-மணியை ஒட்டிக் கையில் வரும். 5 வோல்ட்டில் சொன்னால் 6,300 எம்.ஏ.எச். அளவுதான். பறிக்கூலி கொடுக்கும்போது நிறுப்பது பச்சைக்காய். விற்பது உலர்ந்த காய். அஞ்சு கிலோ பச்சைக்காய், உலர்த்தும் அறையான ஸ்டோரில் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ என்று கணக்குப் போடும் ஊரில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நேர்மையான நிறுவனங்கள் இந்த ‘உலர்ந்த’ எண்ணையும் அச்சிடுகின்றன, ஆனால் பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில். வாங்குபவருக்கு வேண்டியது அந்த எண்தான். அதை முன்பக்கத்தில் போட வேண்டும்.

சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி மீட்டர் கிடைக்கிறது. பேங்குக்கும் ரூட்டருக்கும் நடுவே செருகினால் வோல்ட், ஆம்பியர், மொத்த வாட்-மணி எல்லாம் காட்டும். பேங்கை முழுக்க ஏற்றி, முழுக்க இறக்கி, மீட்டரில் கூடிய வாட்-மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். வோல்ட்டையும் கவனியுங்கள். 4.75-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் குற்றம் நீளமான மெல்லிய கேபிளில்தான். ரூட்டர் திரும்பத் திரும்பத் தானே அணைந்து எழுவதற்கு இதுவே காரணமாக இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கையடக்க ரூட்டர் சராசரியாக 2 வாட் எடுக்கும் என்று வைத்தால், 10,000 எம்.ஏ.எச். பேங்க் ஒன்று 15 மணி நேரம் தாங்க வேண்டும். மலையில் இந்தக் கணக்கு குறையும். டவர் தூரமாக இருந்தால் ரூட்டர் உரக்கப் பேசியாக வேண்டும். 4ஜி கருவி அலையாக வெளியே விடுவது அதிகபட்சம் 200 மில்லிவாட்தான் என்றாலும், அதை உண்டாக்கும் பெருக்கி பல மடங்கு மின்சாரம் தின்னும். சுவரோர அலமாரியிலிருந்து எடுத்து, டவர் இருக்கும் திசைச் சன்னலில் வைத்தாலே மீட்டரில் வித்தியாசம் தெரியும்.

இனி வாசகரின் ராத்திரிப் பிரச்சினை. என்னை நெடுநாளாக ஈர்த்து வைத்திருக்கும் விஷயமும் இதுதான்.

பவர் பேங்க் செல்போனை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. போன் நிறைந்ததும் அது இழுக்கும் மின்சாரம் குறையும். பெரும்பாலான பேங்குகளில் அது 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போய்ச் சிறிது நேரம் நீடித்தால், ‘வேலை முடிந்தது’ என்று பேங்க் தன்னை அணைத்துக்கொள்ளும். இது கோளாறு அல்ல. 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்று சும்மா விழித்திருப்பதற்கே மின்சாரம் வேண்டும். அணைக்காவிட்டால் பையில் கிடக்கும் பேங்க் தானாகவே காலியாகிவிடும்.

ஆனால் எதிரே இருப்பது போன் அல்ல, சொந்த பேட்டரி உள்ள ரூட்டர். ராத்திரி அந்த பேட்டரி நிறைகிறது. நிறைந்ததும் சில ரூட்டர்கள் வெளியிலிருந்து எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டுத் தம் பேட்டரியில் ஓடத் தொடங்கும். கொஞ்சம் இறங்கிய பிறகு மறுபடி கேட்கும். அது கேட்கும் நேரத்தில் பேங்க் அணைந்திருக்கிறது. கேபிளைப் புதிதாகச் செருகினால் விழித்துக்கொள்ளும் பேங்குகள் உண்டு. இங்கே கேபிள் ஏற்கனவே செருகித்தான் இருக்கிறது. ஆக, ரூட்டர் தன் சொந்த பேட்டரி தீரும்வரை ஓடிவிட்டு அணைகிறது. இரண்டு கருவியும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கின்றன.

சில மாடல்களில் பட்டனை இருமுறை அமுக்கினால் குறைந்த மின்னோட்ட நிலை வரும். காதில் மாட்டும் புளூடூத் கருவிக்கும் கைக்கடிகாரத்துக்கும் என்று வைத்தது அது. சிலவற்றில் அதுவும் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடும் என்பதால் முழு ராத்திரிக்கு நம்ப முடியாது. நான் பரிந்துரைப்பது வேறு: பேங்கின் இன்னொரு துளையில் ஒரு வாட் எல்இடி யூஎஸ்பி விளக்கைச் செருகிவிடுங்கள். அது 200 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருப்பதால் பேங்க் அணையாது. பெரும்பாலான பேங்குகளில் இரண்டு துளைக்கும் சுற்று ஒன்றே. 15 மணி நேரம் 10 மணி நேரமாகக் குறையும். கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு விளக்கு எரிவது வீணாகாது.

கரண்ட் இருக்கும்போதும் ஒரு சோதனை செய்யுங்கள். பேங்க் சார்ஜ் ஏறிக்கொண்டே ரூட்டருக்கும் கொடுக்கட்டும். சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். பல பேங்குகளில் அந்த மாற்றத்தில் 5 வோல்ட் ஒரு கணம் அறுந்துபோகும். பேட்டரி உள்ள ரூட்டர் தாங்கிவிடும், இல்லாதது அணைந்து எழும். 12 வோல்ட் கேட்கும் வீட்டு ஃபைபர் ரூட்டருக்கு இதையெல்லாம் முயல வேண்டாம், மினி யூபிஎஸ் வாங்கிவிடுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் இருந்த ஒரு வரி என்னைக் கவலைப்பட வைத்தது. ஈரம் படாமல் இருக்கட்டும் என்று பேங்கை ஏலக்காய் ஸ்டோர் அறையில் வைக்கிறாராம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். காய் உலர்த்தும் அறை 50 டிகிரியை ஒட்டி இருக்கும். லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய 45 டிகிரியே பொதுவாக எல்லை. சூட்டில் செல் சீக்கிரம் கிழடாகும், உப்பும், தீப்பிடிக்கவும் கூடும். பழைய லேப்டாப் செல்களைப் புதுக் கூட்டில் அடைத்து விற்கும் மலிவு பேங்க் என்றால் அபாயம் இன்னும் அதிகம். பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய பதிவு என்று தெரிந்துவிடும்.

உப்பிய பேங்கைச் சருகோடு போட்டுக் கொளுத்துவதையும், ஏலச்செடிக்கு அடியில் வீசுவதையும் மலையில் பார்க்கிறேன். போடிமெட்டிலிருந்து கிழக்கே ஓடும் தண்ணீர் கொட்டகுடி ஆற்றுக்கு வருகிறது. போடி குடிப்பது அந்தத் தண்ணீர். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்த பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. விற்ற கடையில் கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் மேலிடத்தில் கேட்பார்.

கடைசியாக, இன்னொரு 20,000 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், 10,000-இல் இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டில் ஓடட்டும். இன்னொன்றைக் கூலி ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் ஜீப்பில் போடிக்குக் கொடுத்தனுப்பினால், மறுநாள் காலை நடையில் நிறைந்து வந்துவிடும்.