உடைந்த குமிழைச் செப்பனிடுவோம்

உங்கள் இல்லத்தில் பழைய அம்பாசிடர் கார் இருக்கின்றதா? மேற்கு வங்காளத்து உத்தரபாரா ஆலையில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டமையால், சிறு பாகத்தையும் பேணிக் காப்பது அவசியமாகின்றது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திருநள்ளாற்றிலிருந்து காரைக்காலுக்குச் செல்கின்றீர்கள், அடைமழை பிடித்துக்கொள்கின்றது. கண்ணாடித் துடைப்பானை இயக்கும் குமிழ் உடைந்து கையோடு வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஓட்டியவாறே வெறுந்தண்டைக் குறடால் திருகுவோர் உண்டு. அதனால் தண்டின் தட்டைப் பக்கம் தேய்ந்து, புதுக் குமிழும் அதில் நிலைக்காது. கண்கள் சாலையை விட்டு அகலுவதோ அதனினும் பேராபத்து. பின்னிருக்கையில் இருப்போர் நம் மனைவி மக்கள் அல்லவா? வண்டியை ஓரமாக நிறுத்துவதே அறிவுடைமை.

வீடு திரும்பியபின் செப்பனிடுவது எளிது. முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். தண்டில் தங்கிய துண்டுகளை மெதுவாக அகற்றுங்கள். குமிழின் விரிசலைத் துடைத்து, துண்டுகளை அரால்டைட் பசையால் ஒட்டுங்கள். கழுத்தைச் சுற்றி நூலை இறுகக் கட்டி, அதன்மேலும் பசை பூசி, 24 மணி நேரம் காயவிடுங்கள். துளைக்குள் பசை இறங்கலாகாது.

மீண்டும் பொருத்துமுன் ஒன்றைக் கவனியுங்கள். நாள்பட்ட பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும் தன்மை அடையும். ஆயினும், உள்ளிருக்கும் சுவிட்சு இறுகிப்போய், நாம் வலிந்து திருகியதாலும் குமிழ் உடைந்திருக்கலாம். தண்டு இலகுவாகத் திரும்பாவிடில், எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சுவிட்சையே மாற்றிவிடுங்கள். இல்லையேல் ஒட்டிய குமிழ் மறுபடியும் மழையில்தான் உடையும்.